478-க்கு மாட்டிய சக்கரம்

அத்தியாயம் 9

புதன், நவம்பர் 16, 1988.

இன்று ஒரு சிறு தவறு. வளைபட்டைச் சக்கரங்களை 1941-லேயே தடை செய்துவிட்டார்கள் என்று நூலகப் புத்தகத்தில் படித்தேன். உடனே செர்பினின் வக்கீலுக்குப் போன் செய்து, நம் கட்சிக்காரர் சொல்வது பொருந்தவில்லை என்று சொல்லிவிட்டேன். பக்கத்தைத் திருப்பிப் பார்த்திருக்க வேண்டும். சாட்சியச் சட்ட வகுப்புக்கு நேரமாகிவிட்டது. அது காரணம் ஆகாது.

வியாழன் மதியம் இரண்டு மணிக்கு, தன் அலுவலக மேஜையில் அந்த நாட்குறிப்பைத் திரும்பப் படித்த தனியார் துப்பறிவாளர் வெர்னா ஹோஃபர்ட் 'சிறு' என்ற சொல்லை அடித்தாள். கோடு முடிவதற்குள் கதவு சுவரில் மோதியது.

"நீ யாருக்கு வேலை பாக்கற? எனக்கா, அவனுக்கா?"

ஆன்டன் செர்பின். அறுபத்திரண்டு வயது. பள்ளிப் பேருந்து ஓட்டுநரின் காக்கிச் சட்டை, காதுவரை சிவந்த முகம். முன்பு லாரல் பள்ளத்தாக்கு ரயில்வேயில் முப்பது வருடம் பிரேக்மேன்.

"உக்காருங்க, மிஸ்டர் செர்பின்."

"உக்காரறதுக்கு வரல. நீ போன் பண்ணதுல என் வக்கீல் என்ன சொல்றான் தெரியுமா? 'குத்தத்தை ஒத்துக்கோ, மன்னிப்புக் கேளு'ங்கறான். நாளைக்குக் காலையில ஒம்பது மணிக்கு விசாரணை. அடிதடின்னு பேர் பதிவாச்சுன்னா ஸ்கூல் பஸ் சாவியைப் புடுங்கிக்குவாங்க. புரியுதா உனக்கு?"

மூலையிலிருந்த டாட்டி மன்கூசோ சாண்ட்விச்சின் காகிதத்தைக் கசக்கினாள். வெர்னாவின் உதவியாளர். இருபது வருடம் டாக்ஸி கம்பெனி ஒன்றின் மைக்கில் டிரைவர்களைத் திட்டியே குரல் கரகரத்தவள்.

"கதவை மட்டும் விட்டுடுப்பா. அது உன்னை ஒண்ணும் பண்ணல."

நடந்தது இதுதான். ஆன்டன் மூன்று வருடம் தன் சமையலறை மேஜையில் ஒரு கார்டு பெட்டி மாடல் செய்தார். சரக்கு ரயிலின் வாலில், ரயில் கார்டும் பிரேக்மேனும் உட்காரும் சிவப்புப் பெட்டி. எண் 478. அவர் வேலை பார்த்த அதே பெட்டி, 1952-ல் இருந்தபடி. உள்ளங்கையில் அடங்கும் அளவு. போட்டிக்கு முன்னால் எவர் கண்ணிலும் படக் கூடாதென்று அட்டைப்பெட்டியில் போட்டு ஒட்டி, மாடல் ரயில் கழகத்தின் அலமாரியில் வைத்தார். போன வருடம் ஏப்ரல் மழையில் கழகத்தின் அடித்தளத்தில் தண்ணீர் புகுந்தது. தலைவர் வில்லிஸ் ரெய்டரின் மேற்பார்வையில் எல்லாவற்றையும் வெளியே தூக்கினார்கள். எல்லாம் திரும்பி வந்தது, ஆன்டனின் பெட்டியைத் தவிர.

இந்த அக்டோபரில் மாநிலப் போட்டி நடந்தது. முதல் பரிசு வில்லிஸ் ரெய்டருக்கு. மாடல்: கார்டு பெட்டி 478.

ஆன்டன் அதைப் பார்த்தார். ரெய்டரைப் பார்த்தார். நூற்றைம்பது பேர் முன்னால் ஒரே குத்து.

இப்போது ஆன்டனிடம் இருந்த ஒரே ஆதாரம், பாதி முடிந்த மாடல் சமையலறை மேஜையில் நிற்கும் ஒரு புகைப்படம். அதுதான் அவருக்கு எதிரியாகவும் இருந்தது. புகைப்படத்தில் பெட்டிக்கு அடியில் இருந்தவை வளைபட்டைச் சக்கரச் சட்டங்கள்: வளைத்த இரும்புப் பட்டைகளை போல்ட் போட்டு முடுக்கிய பழைய வகை. ரெய்டரின் மாடலுக்கு அடியில் இருந்தவை ஒரே வார்ப்பில் ஊற்றிய புது வகை. 'என் மாடலில் முதல் நாளிலிருந்தே வார்ப்புச் சட்டம்தான், வேறெதுவும் அதனடியில் இருந்ததில்லை' என்று ரெய்டர் போலீசுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். '1952-ல் வளைபட்டை ஓடியதாக நினைக்கும் ஒருவரால் இப்படியொரு மாடலைச் செய்திருக்கவே முடியாது' என்று ஒரு வரி கூடுதலாகவும் எழுதியிருந்தார்.

"1941-ல தடை பண்ணிட்டாங்களே, மிஸ்டர் செர்பின்," என்றாள் வெர்னா. குரல் அவளுக்கே கேட்கவில்லை.

ஆன்டன் மேஜையில் கையை ஊன்றினார்.

"எதைத் தடை பண்ணாங்க? ஒரு கம்பெனியோட சரக்குப் பெட்டி இன்னொரு கம்பெனி தண்டவாளத்துக்குப் போகும். போற வழியில போல்ட் கழண்டு கவுந்தா யார் பொறுப்பு? அதுக்குத்தான் தடை. கார்டு பெட்டி எங்கம்மா போகும்? எங்க லைன் முடியற எடத்துல கழட்டிடுவாங்க. மறுபடி வீட்டுக்குத்தான் வரும். என் 478 ஒரு நாள்கூட அடுத்தவன் தண்டவாளத்துல கால் வெச்சதில்ல. அம்பத்தாறு வரைக்கும் வளைபட்டையிலதான் ஓடிச்சு. அதுமேல உக்காந்து தேஞ்சது என்னோட முதுகு!"

வெர்னா புத்தகத்தை எடுத்தாள். பக்கத்தைத் திருப்பினாள். இருந்தது. 'சொந்தத் தடத்தைவிட்டு வெளியேறாத பெட்டிகளுக்கு இது பொருந்தாது.'

அவள் காது சூடானது. ஆன்டன் மீதோ ரெய்டர் மீதோ இல்லை அந்தக் கோபம். திருப்பாமல் விட்ட அந்த ஒரு பக்கத்தின் மீது.

"நான் தப்புப் பண்ணிட்டேன்," என்றாள். "வக்கீலுக்கு இப்பவே போன் பண்றேன்."

"பண்ணி? 'சக்கரம் சரிதான்'னு சொல்லுவியா? அவன் பெட்டியில வேற சக்கரம்தானே இருக்கு?"

அங்கேதான் வெர்னாவின் பேனா நின்றது.

"ஆமா. ஏன் வேற சக்கரம் இருக்கு?"

"திருடினது தெரியக் கூடாதுன்னு மாத்தியிருப்பான்," என்றாள் டாட்டி.

"அப்படின்னா நம்பரை மாத்தியிருப்பாரே. 478-ஐ அப்படியே விட்டு வெச்சிருக்காரு. நிறத்தை மாத்தல, ஜன்னலை மாத்தல. சக்கரத்தை மட்டும் மாத்தியிருக்காரு." வெர்னா மெதுவாகச் சொன்னாள். "மறைக்கறதுக்காக இல்ல. அவருக்கு அது தப்பாத் தெரிஞ்சிருக்கு. தப்பைச் சரி பண்ணாம அவரால இருக்க முடியல."

டாட்டி விசில் அடித்தாள். "பக்கத்து வீட்டு நாயைத் திருடிட்டு, அதுக்கு நகம் வெட்டி விட்ட மாதிரி."

"கழட்டின சக்கரத்தை என்ன பண்ணியிருப்பாரு, மிஸ்டர் செர்பின்? குப்பையில போட்டிருப்பாரா?"

ஆன்டன் அவளை ஏதோ கெட்ட வார்த்தை சொன்னவளைப்போலப் பார்த்தார். "கையால செஞ்ச சக்கரத்தையா? எந்த மாடல்காரனும் போட மாட்டான். பெண்டாட்டியைத் துரத்துவான், ஒரு அச்சைத் தூக்கிப் போட மாட்டான்."

"அப்போ வேற ஏதோ பெட்டிக்கு அடியில மாட்டியிருக்காரு."

வெர்னா கோப்பிலிருந்து கழகத்தின் விதிமுறைகளை உருவினாள். பதினான்கு பக்கம், ரெய்டர் எழுதியது. கழகத்தின் தண்டவாளத்தில் ஓடும் ஒவ்வொரு பெட்டிக்கும் கழகம் காட்டும் ஆண்டான 1952-க்குப் பொருந்தும் சக்கரம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தலைவர் அதில் மஞ்சள் அட்டையைத் தொங்கவிடுவார். அட்டையில் குறையும் சொந்தக்காரர் பெயரும் இருக்கும். ஒரு மாதம் எல்லோர் கண்ணிலும் பட அப்படியே நிற்கும்.

இந்த முறை அவள் எல்லாப் பக்கங்களையும் திருப்பினாள். பதினோராம் பக்கத்தில் விரல் நின்றது.

"'வளைபட்டைச் சட்டங்கள், தடத்தைப் பழுதுபார்க்கும் ரயிலின் பெட்டிகளில் மட்டும் அனுமதிக்கப்படும். அவை சொந்தத் தடத்தைவிட்டு வெளியேறாதவை.'"

ஆன்டன் மேஜையைக் குத்தினார்.

"தெரிஞ்சிருக்குடா உனக்கு, வில்லிஸ்! பழுது ரயிலுக்குத் தெரிஞ்சிருக்கு, கார்டு பெட்டிக்கு யோசிக்கத் தெரியல! வா போலாம். இப்பவே அவன் கழுத்தை…"

"நீங்க மூணு மணிக்குப் புள்ளைங்களை ஏத்தணும்," என்றாள் வெர்னா. "அஞ்சரைக்கு வாங்க. வந்தாலும் எங்க கார்லதான் உக்காரணும்."

கிளம்பும் முன் அவள் பூதக்கண்ணாடியால் புகைப்படத்தை இன்னொரு முறை பார்த்தாள். ஓர் அச்சின் நடுவில் கடுகளவு ஒரு வட்டம்.

"இது என்ன, தூசியா?"

"தூசியா! கப்பி. நாப்பத்தொம்பதுல கார்டு பெட்டிக்கு ரேடியோ வெச்சாங்க. அதுக்குக் கரண்டு வேணும்ல? அச்சு சுத்தும், பெல்ட் சுத்தும், மேல டைனமோ சுத்தும். அந்தக் கப்பியைக் கடைய எனக்கு ரெண்டு ஞாயித்துக்கெழமை ஆச்சு."

கழகம் ஒரு செருப்புக் கிடங்கின் அடித்தளத்தில் இருந்தது. வியாழக்கிழமை மாலை உறுப்பினர்கள் கூடும் நாள். அறை முழுக்க ஒட்டுப்பலகை மலைகள், பஞ்சு மரங்கள், நடுவே வெள்ளித் தண்டவாளம். பத்துப் பேர் குனிந்த முதுகோடு நின்றிருந்தார்கள். சுவரோரம் கண்ணாடிக்குள் 478, கழுத்தில் நீல ரிப்பனோடு.

டாட்டி தன் பங்கை ஆரம்பித்தாள்.

"தலைவர் யாருங்க? நான் சேரலாம்னு வந்தேன். இந்தக் குட்டி ரயிலுக்கு டிக்கெட் எங்க வாங்கறது?"

வில்லிஸ் ரெய்டர் திரும்பினார். நெடிய உருவம், இஸ்திரி குலையாத சட்டை, இடது கண்ணுக்குக் கீழே இன்னும் மறையாத மஞ்சள் கன்றல். முன்பு உயர்நிலைப் பள்ளியில் வடிவியல் ஆசிரியர்.

"இது பொம்மைக் கடை இல்லை அம்மா."

"ஐயோ, பொம்மைன்னு நான் சொல்லவே இல்லையே. நீங்கதான் சொன்னீங்க. அந்தப் பசு ஏன் மலையைவிடப் பெருசா இருக்கு?"

"எந்தப் பசு?" ரெய்டர் பதறிப்போய் மலைப்பக்கம் நடந்தார்.

வெர்னா ஓரத்துத் தண்டவாளத்துக்கு நழுவினாள். பழுதுபார்க்கும் ரயில் அங்கே நின்றது: ஒரு கிரேன், ஒரு தண்ணீர் தொட்டி, இரும்புத் தளவாடம் ஏற்றிய ஒரு தட்டு வண்டி. கிரேனுக்கு வார்ப்புச் சட்டம். தொட்டிக்கும் அதேதான். தட்டு வண்டிக்கு வளைபட்டை.

டார்ச்சை அடித்துக் குனிந்தாள். அச்சின் நடுவில் கடுகளவு கப்பி.

மூச்சை விட்டாள். உடனே சந்தேகம் வந்தது. கப்பி எல்லாக் கடையிலும் கிடைக்குமோ? வேறு யாராவது விற்றிருப்பார்களோ? இதை நீதிபதி ஒரு நிமிடத்தில் தள்ளிவிடுவாரோ?

"அதைத் தொடாதீங்க." பின்னால் கழகச் செயலாளர் ஆர்டித் மோயர் நின்றிருந்தார். கையில் சாமணம், நெற்றியில் கண்ணாடி. "யார் நீங்க?"

"வெர்னா ஹோஃபர்ட். மிஸ்டர் செர்பினுக்காக வந்திருக்கேன். தொடலைங்க. பாத்தேன். நீங்களும் பாருங்களேன்."

ஆர்டித் பார்த்தார். நிமிரவில்லை. இன்னும் கொஞ்சம் குனிந்தார்.

அதற்குள் ரெய்டர் வந்துவிட்டார். பின்னால் கையை விரித்தபடி டாட்டி. "மன்னிச்சுக்கோ கண்ணு. பசு சரியான அளவாம். எனக்குத்தான் கண்ணு கோளாறாம்."

வெர்னா நேராகச் சொன்னாள். "மிஸ்டர் ரெய்டர், இந்தச் சக்கரங்கள் மிஸ்டர் செர்பினோடது. 478-ஐ நீங்க திருடினீங்க."

ரெய்டர் சிரித்தார். வகுப்பில் தப்பான விடை சொன்ன பிள்ளையைப் பார்க்கும் சிரிப்பு.

"திருடனா? நல்லது. இத்தனை சாட்சி முன்னாடி சொன்னதுக்கு நன்றி. என் வக்கீல் அந்தக் குடிகாரனோட சேர்த்து உன்னையும் கவனிச்சுக்குவார். அந்தச் சக்கரம் ஏதோ பழைய சாமான் மேஜையில வாங்கினது. எப்போன்னு ஞாபகம் இல்லை."

அவர் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. ஆனால் பேசும்போதே அவர் கை நீண்டு, ஒரு நூலளவு சாய்ந்திருந்த பஞ்சு மரத்தை நிமிர்த்தியது. வெர்னா அந்தக் கையைப் பார்த்தாள். திருடன் என்றதற்கு அசையாத மனிதர், மரம் சாய்ந்ததற்கு அசைந்திருக்கிறார்.

அவள் சுவர் ஆணியில் தொங்கிய மஞ்சள் அட்டைகளில் ஒன்றை எடுத்தாள். பேனாவை எடுத்தாள். ஒவ்வொரு சொல்லாக, சத்தமாகப் படித்துக்கொண்டே எழுதினாள்.

"தட்டு வண்டி. குறை: அச்சில் டைனமோ கப்பி. இந்த வண்டியில் டைனமோ இல்லை. விளக்கு இல்லை. ரேடியோ இல்லை. கப்பிக்கு வேலையே இல்லை. சொந்தக்காரர்: வில்லிஸ் ரெய்டர்."

அட்டையைத் தட்டு வண்டியில் மாட்டினாள்.

பின்வரிசையில் யாரோ செருமினார்கள். பிறகு ஒருவர் சிரித்தார். இத்தனை வருடம் மஞ்சள் அட்டை வாங்கியவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து பார்க்கத் தொடங்கினார்கள்.

"நிஜமாவே கப்பிடா!"

"இரும்பு ஏத்தற வண்டிக்கு ரேடியோவா, வில்லிஸ்? தண்டவாளத் துண்டுக்குப் பாட்டுக் கேக்கணுமாமா?"

"என் பால் வண்டிக்குப் படி ஒண்ணு கம்மின்னு ஒரு மாசம் அட்டை தொங்க விட்டியே!"

டாட்டி தலையை ஆட்டினாள். "பாவம், விடுங்கப்பா. வாத்தியாருக்குத் தெரிஞ்சிருக்காது. கப்பின்னா என்னன்னு…"

"எனக்கா தெரியாது?" ரெய்டரின் கழுத்து நரம்பு புடைத்தது. "எனக்கா? கப்பியை நான் போடல! அது கார்டு பெட்டியோட கப்பி! கழற்றும்போதே அச்சோட சேர்ந்து இருந்தது. அதை உருவினா அச்சு பாழாயிடும். அதனால விட்டு வெச்சேன். தெரிஞ்சேதான் விட்டு வெச்சேன்!"

"எந்தக் கார்டு பெட்டி?" என்றாள் வெர்னா.

அவர் காதில் அது விழவில்லை. அவருக்கு முன்னால் இருந்தது மஞ்சள் அட்டை மட்டும்தான்.

"478-ஐ அந்தக் கண்றாவிச் சக்கரத்தோட போட்டிக்கு விட முடியுமா? 1952-ல வளைபட்டை! ஒரு சின்னப் பையனுக்குக்கூடத் தெரியும். அவ்வளவு அழகா உடம்பைச் செஞ்சிட்டு, அடியில குப்பையை மாட்டியிருந்தான். நான்தான் சரி பண்ணேன்! நான் சரி பண்ணாம இருந்திருந்தா அதுக்குப் பரிசே…"

நின்றார்.

பொம்மை எஞ்சின் ஒன்று மலையைச் சுற்றி வந்து, யாரும் நிறுத்தாததால் இன்னொரு முறை சுற்றப் போனது.

"'செஞ்சிட்டு, மாட்டியிருந்தான்,'" என்று வெர்னா குறிப்பேட்டில் எழுதினாள். "யாரு, மிஸ்டர் ரெய்டர்? போலீசுக்கு எழுதிக் கொடுத்ததுல வேற சக்கரமே இருந்ததில்லைன்னு இருக்கே."

படிக்கட்டில் கனத்த காலடி. காரில் உட்காரச் சொன்ன ஆள் காரில் இல்லை. ஆன்டன் கடைசிப் படியிலேயே நின்றார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார். கை முஷ்டியாக மூடியிருந்தது. டாட்டி குறுக்கே போய் நின்றுகொண்டாள்.

"அந்தக் கையைப் பாக்கெட்ல போடு ஆன்டன். அது ஏற்கெனவே வேண்டிய அளவு பேசியாச்சு."

ரெய்டர் உதட்டை நனைத்துக்கொண்டார். "ஆன்டன். நம்ம ரெண்டு பேருக்குள்ள முடிச்சுக்கலாம். நான் புகாரை வாபஸ் வாங்கறேன். இன்னிக்கே. உன் பஸ் உனக்கு. நீ இதை வெளிய பேச வேண்டாம். பெட்டி இங்கேயே, கழகத்துலேயே இருக்கட்டும்."

நல்ல பேரம்தான். காலை ஒன்பது மணி பயமே இல்லாமல் போய்விடும். ஏற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்ல வெர்னா வாய் எடுத்தாள். நேற்று போனில் அவசரப்பட்டுச் சொன்னது நினைவு வந்து, மூடிக்கொண்டாள்.

"வில்லிஸ்," என்றார் ஆன்டன். குரல் தாழ்ந்திருந்தது, அதனால்தான் பயமாக இருந்தது. "உன்னைக் குத்தினேன். அதுக்கு ஜட்ஜ் என்ன சொல்றாரோ வாங்கிக்கறேன். நான் கையை ஓங்கினதை நான் இல்லேன்னு சொல்லல. நீ? திருடினதைக்கூட விடு. என் சக்கரத்தைத் தப்புன்னு எழுதிக் கையெழுத்துப் போட்ட பாரு. பத்து வருஷம் அது மேல உக்காந்து சோறு தின்னவன்கிட்ட!"

கண்ணாடிப் பெட்டியைத் திறந்து 478-ஐ எடுத்தார். புரட்டினார். அடியில், பெல்ட் இல்லாத டைனமோ ஒன்றுக்கும் உதவாமல் தொங்கியது. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவர் வெளியே வந்தது.

"வேண்டாம்!" வெர்னா கத்தினாள். அவ்வளவு சத்தமாக அவள் எந்த வழக்கிலும் கத்தியதில்லை. "கழட்டாதீங்க. இந்தத் தப்பான சக்கரம்தான் சாட்சி. ஜட்ஜ் இதை இப்படியே பாக்கணும்."

"இன்னும் ஒரு ராத்திரி இந்த எழவு இது அடியில இருக்கணுமா?"

"ஒரு ராத்திரிதான்."

ஆன்டனின் தாடை இறுகியது. ஸ்க்ரூடிரைவரை வெர்னாவின் உள்ளங்கையில் வைத்து, அவள் விரல்களைத் தானே மூடினார். "நீ வெச்சுக்கோ. என்கிட்ட இருந்தா கழட்டிடுவேன்."

ஆர்டித் மோயர் தட்டு வண்டியை ஒரு வெள்ளைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார், மஞ்சள் அட்டையோடு. "நாளைக்கு எத்தனை மணிக்கு?" என்றார். பின்னால் ஐந்து பேர் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தார்கள். ரெய்டரின் பக்கம் ஒருவரும் போகவில்லை. பால் வண்டிக்காரர் மட்டும் சுற்றிக்கொண்டிருந்த எஞ்சினை நிறுத்தினார்.

வியாழன், நவம்பர் 17.

ரெய்டர் சொன்னதை அறையிலிருந்த எல்லோரும் கேட்டார்கள். ஆர்டித்தோடு சேர்த்து ஆறு பேர் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். ஒவ்வொரு தாளையும் இரண்டு முறை படித்தேன், பின்பக்கமும் பார்த்தேன். பெட்டியும் தட்டு வண்டியும் வக்கீலின் இரும்பு அலமாரியில். அவரிடம் நேற்றைய தவறை நேரில் சொன்னேன், திட்டினார். திருட்டு நிரூபணமாகிவிடும் என்று நினைக்கிறேன். குத்து குத்துதான். பஸ் சாவி மிஞ்சுமா என்று தெரியவில்லை.

நாளை: எட்டு மணிக்கு ஆர்டித் மோயர் வீடு. எட்டரைக்குள் ஆறு பேரும் நீதிமன்ற வாசலில். ஒன்பது மணிக்கு, ஆன்டன் கொதித்து எதையாவது சொல்லிவிடுவதற்குள், நான் முதலில் எழுந்து சாட்சி சொல்ல வேண்டும்.